பொச்சாப்பும் தேர்வறையும்

'மறந்துவிட்டேன்' என்னும் ஒரு சொல்லால் தம் பிழைகள் பலவற்றைக் கடந்துவிடலாம் என மாணவர் எண்ணுவர். ஆயின் மறதி ஒருவகைப்பட்டது அன்று. படித்த பாடம் நினைவிலிருந்து நழுவுதல் ஒருவகை. நினைவாற்றல் குறைவின்றி இருந்தும், செய்கின்ற செயலில் மனம் நில்லாமையால் நேரும் சோர்வு மற்றொரு வகை. பின்னதைப் பழந்தமிழ் 'பொச்சாப்பு' எனும். திருவள்ளுவர் பொருட்பாலில் 'பொச்சாவாமை' எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அது திருக்குறளின் 54ஆம் அதிகாரம். அளவிறந்த சினத்தைக் காட்டிலும், களிப்பு மிகுதியால் வரும் சோர்வு தீயது என்பது அவர் கருத்து. அரசியலில் வைத்துக் கூறப்பட்ட இவ்வறம் தேர்வெழுதும் மாணவர்க்கும் எங்ஙனம் பொருந்தும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம்.

நெய்வேலியில் ஒரு காலைப்பொழுது

நெய்வேலி நகரியத்தில் நாங்கள் குடியிருந்த வட்டத்திலேயே சுரங்கத் தொழிலாளி ஒருவர் குடும்பமும் இருந்தது. அவர் மகன் பின்னாளில் என் வகுப்பில் மாணவனாக வந்தமர்ந்தான். பிளஸ் டூ பொதுத்தேர்வில் தனக்கு நேர்ந்ததை அவனே என்னிடம் கூறினான்.

அன்று வேதியியல் தேர்வு. வாய்பாடுகளைச் சிறு தாளொன்றில் எழுதிவைத்து, பள்ளி வாயிலில் நின்று கடைசியாக ஒருமுறை பார்த்தான். எல்லாம் மனத்தில் நின்றன. நூற்றுக்கு நூறு என்னும் நினைப்பே உள்ளமெங்கும் நிறைந்திருந்தது. மணி அடித்தது. புத்தகப் பையை வெளியே வைத்துவிட்டு, நுழைவுச்சீட்டுடன் உள்ளே சென்றான். கையில் எத்தாள் இருந்தாலும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகுவது அவன் வழக்கம். அன்றும் கை தன் வழக்கத்தைச் செய்தது. மனம் அதனை அறியவில்லை.

இருக்கையில் அமர்ந்து பேனாவை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது தாள் விரலில் பட்டது. வினாத்தாள் இன்னும் வழங்கப்படவில்லை. கசக்கிச் சன்னல் வழியே எறிவதா, மறைத்துக்கொண்டு எழுதுவதா என ஒரு நொடி திகைத்தான். பின்னர் எழுந்து நின்று, "ஐயா, இது தெரியாமல் வந்துவிட்டது" எனக் கண்காணிப்பாளரிடம் நீட்டினான். அவர் அதனை வாங்கி, தலைமைப் பொறுப்பாளரிடம் தெரிவித்து, அவன் பைகளைச் சோதித்தபின் எழுத இசைந்தார்.

இதில் மாணவர் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தேர்வறையில் துண்டுத்தாள் அகப்பட்டால், 'பார்த்து எழுதினானா' என்பதற்கு முன்னரே 'வைத்திருந்தானா' என்னும் வினா எழும். ஒரு மணி நேரம் கழிந்து பறக்கும் படையினர் கையில் அத்தாள் சிக்கியிருப்பின், அவன் உள்ளத்தூய்மைக்குச் சான்று சொல்வார் யார்? ஓராண்டு உழைப்பு ஒரு துண்டுத்தாளில் அழிந்திருக்கும்.

காரணம் யாது?

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் சேம்சு 1890இல் வெளியிட்ட தம் நூலில், விருந்துக்கு உடை மாற்றச் சென்றவர் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, முடிவில் படுக்கையிலேயே படுத்துவிடும் கதையைச் சுட்டுகிறார். உடை களைதல் உறங்கச் செல்வதற்கும் முதற்படி. மனம் வேறெங்கோ இருக்க, பழக்கம் மற்றப் படிகளையும் தானே முடித்துவிட்டது. ஆங்கில அறிஞர் சேம்சு ரீசனும் இத்தகைய பிழைகளைத் திரட்டி ஆராய்ந்தார். புதிய செயல்களைவிட நன்கு பழகிய செயல்களிலேயே, அதுவும் மனம் பிறிதொன்றில் ஆழ்ந்திருக்கும் வேளையிலேயே, இவை மிகுதியும் நேர்கின்றன எனக் கண்டார். ஆதலின் பொச்சாப்பு அறிவின்மை அன்று. அறிவுடையாரையும் அது பற்றும்.

மருந்து யாது?

'கவனமாயிரு' என ஆயிரம் முறை ஏசுவதால் இது தீராது. 1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய வானூர்தி ஒன்று மேலெழுந்தவுடன் வீழ்ந்து நொறுங்கியது. ஓட்டியவர் தேர்ந்த வலவர். ஆயினும் சுக்கான்களைப் பிணித்திருந்த பூட்டினை விடுவிக்க மறந்திருந்தார். அதன்பின், புறப்படுமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல் வகுக்கப்பட்டது. நினைவை மட்டும் நம்பாது முறையை நம்பியது அத்துறை.

நெய்வேலி மண்ணும் இதனையே கற்பிக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிக்க அழுத்தமுடைய நிலத்தடி நீர் உள்ளது. மேல்மண்ணை அகழ்ந்தபின் அதனை இறைக்காது விட்டால், சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலெழும். ஆகவே, 1956இல் நிறுவனம் தோன்றி 1961இல் கரி வெளிப்பட்ட அந்நிலத்தில், இரவு பகலாக நீர் இறைக்கப்பட்டே வந்துள்ளது. ஒருவர் நினைவை நம்பி அல்ல, பணிமுறை மாறினும் மாறாத ஒழுங்கை நம்பியே அது நடைபெறுகிறது.

அம்மாணவனின் தந்தையும் மகனை அடிக்கவில்லை. பணிக்குப் புறப்படுகையில் தலைக்கவசத்தையும் காலணியையும் தாம் தொட்டுப் பார்ப்பதைக் காட்டி, "நீயும் வாசலில் நின்று உன் பைகளைத் தொட்டுப் பார்" என்றாராம். எஞ்சிய தேர்வுகளுக்கெல்லாம் அவன் அவ்வாறே செய்தான். கல்லூரியிலும் தேர்வறை வாயிலில் அவன் ஒரு கணம் நின்று சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! தேர்வறை வாயிலில் அரை நிமிடம் நில்லுங்கள். பை, பெட்டி, நுழைவுச்சீட்டு ஆகிய மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதனையும் மீறிப் பிழை நேர்ந்துவிட்டால், மறைக்காது உடனே உரியவரிடம் சொல்லுங்கள். பெற்றோரும் ஆசிரியரும், தானே முன்வந்து பிழையைச் சொல்லும் பிள்ளையை ஏசாதிருத்தல் வேண்டும். சொன்னால் அடிவிழும் என அஞ்சும் பிள்ளை அடுத்த முறை மறைக்கவே கற்கும். பொச்சாப்பால் நேர்ந்த பிழையை வாய்மை திருத்திவிடும். மறைத்தலோ அதனைக் குற்றமாக்கிவிடும்.