காலியாகத் திரும்பிய வண்டி



பேச்சிப்பாறைப் பக்கம் போய் வந்தவர்கள் ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பால் வெட்டிய கோட்டின் கீழே, மரத்தைச் சுற்றிய கம்பியில் ஒரு சிரட்டை இருக்கும். சொட்டுச் சொட்டாக வடியும் பால் அதில்தான் சேரும். தேங்காயைத் துருவி முடித்ததும் நம் வீட்டில் சிரட்டை அடுப்புக்குப் போய்விடும். தோட்டத்தில் அதுவே பால் பிடிக்கும் பாத்திரம். ரப்பர் பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரம். அதற்குக் கிண்ணம் தேடி அலையாமல், காலடியில் கிடந்த சிரட்டையை எடுத்து மாட்டிப் பார்த்த முதல் ஆள் யாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறோம்.

நம் மொத்தக் கடை குலசேகரத்தில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணையைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கு வாரம் இருமுறை நம் வண்டியில் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் போகும். அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பால் வெட்டும் தொழிலாளர்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும். மழை விடாமல் பிடித்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. தை, மாசியில் மரங்கள் இலை உதிர்க்கும்; அப்போதும் பால் குறையும். அந்த நாட்களில் கடைக்காரர் பற்று எழுதுவார். அவர் நமக்குப் பாக்கி வைப்பார். நாம் நாகர்கோவிலில் பதில் சொல்ல வேண்டும்.

பாக்கி ஏறினால் என்ன செய்வது? நம் தகப்பனார் காலத்திலிருந்து ஒரே வழிதான். முதலில் ஆள் அனுப்புவோம். பிறகு சரக்கைப் பாதியாகக் குறைப்போம். அதற்கும் மசியாவிட்டால் வண்டியை நிறுத்துவோம். பல இடங்களில் இதனால் பணம் வந்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2007-இல் ஒரு கடைக்காரருக்கு இப்படி வண்டியை நிறுத்தினோம். சரக்கு இல்லாத கடைக்கு ஆள் வருமா? மூன்று மாதத்தில் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். நம் பணமும் போயிற்று, பதினைந்து வருட வாடிக்கையும் போயிற்று. அப்போதும் நாம் செய்தது சரி என்றே நினைத்தோம்.

2009 தை மாதம் இன்னொரு கடைக்காரரின் பாக்கி 38,000 ரூபாயைத் தொட்டது. வயதில் நம்மைவிட இளையவர், நேர்மையானவர். வண்டியை நிறுத்தப்போவதாகச் சொல்ல நாமே நேரில் போனோம். அவர் கோபப்படவில்லை. வாசலில் நின்ற வண்டியைக் காட்டி, "அண்ணாச்சி, மேல வரும்போ வண்டி நிறைய சாமான் வருது. திரும்பிப் போவும்போ சும்மாதானே போவுது?" என்றார். "ஆமாம் தம்பி, அதுக்கென்ன?" என்றோம். "இங்க வீட்டுக்கு வீடு நல்லமிளகு காயுது. சந்தைக்குக் கொண்டுபோக வண்டிக் கூலி கட்டாம வந்த விலைக்குக் கொடுக்காவ. நான் அவங்க பற்றுக்கு அதை நியாய விலை போட்டு எடுக்கேன். நீங்க என் பாக்கிக்கு எடுங்க" என்றார்.

நமக்கு உடனே பதில் வரவில்லை. இருபது வருடமாக அந்த வண்டி வாரம் இருமுறை காலியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. டீசல் நம்முடையது, டிரைவர் சம்பளம் நம்முடையது. அது சரக்குக் கொண்டுபோகும் வண்டி என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டது. கொண்டுவரும் வண்டியாகவும் அது இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ரப்பர் பால் குறையும் தை, மாசிதான் நம் பக்கத்தில் மிளகு பறிக்கும் காலம். கையில் காசு இல்லாத அதே வீட்டு முற்றத்தில்தான் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நாம் பாக்கியை மட்டுமே பார்த்தோம்.

இது நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல என்று பின்னர் தெரிந்துகொண்டோம். 1942-இல் அமெரிக்காவில் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற மனநூல் அறிஞர் ஒரு சோதனை பற்றி எழுதினார். அளந்தே பிழைக்கும் நமக்கு அது எளிதில் புரியும். 21 படி, 127 படி, 3 படி பிடிக்கும் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 படி தண்ணீர் அளக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒருமுறையும் 3-ஐ இருமுறையும் எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்தார். பிறகு 23, 49, 3 படிப் பாத்திரங்களைக் கொடுத்து 20 படி கேட்டார். பெரும்பாலோர் பழைய முறையிலேயே 49-லிருந்து 23-ஐயும், இருமுறை 3-ஐயும் கழித்தார்கள். விடை சரிதான். ஆனால் 23-லிருந்து ஒரு 3-ஐ எடுத்தால் போதுமே! முந்தைய கணக்குகளைப் போடாமல் நேராக இதற்கு வந்தவர்களுக்கு அது சுலபமாகத் தெரிந்தது. போட்டுப் பழகியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அனுபவம் உள்ளவரே இதில் அதிகம் ஏமாறுகிறார் என்பதை நாம் யோசிக்க வேண்டும். நம் பலமே அனுபவம்தானே? பழக்கம் இல்லாமல் வியாபாரம் நடக்காது. கையில் அள்ளியதும் அரிசியின் தரம் தெரிவது பழக்கத்தால்தான். ஆனால் நேற்றுப் பணம் கொடுத்த வழி, இன்றைய வழியைத் திரைபோட்டு மறைத்தும் விடுகிறது.

நம் தொழிலிலேயே பெரிய உதாரணம் உண்டு. ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் வசதியுள்ளவர் வீடு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், சிறு பொட்டலத்தில் அடைத்தால் கூலிக்காரரும் வாங்கலாமே என்று யோசித்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியே தொடங்கி, சிக் ஷாம்பை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட் இல்லாத பெட்டிக்கடை இன்று உண்டா? தலைக்குத் தேய்க்கும் சரக்கு மாறவில்லை. 'இதை எவ்வளவு விற்பது' என்ற கேள்விதான் மாறியது.

பேச்சிப்பாறைக் கதையையும் முடித்துவிடுகிறோம். முதல் வருடம் சரியாகக் காயாத மிளகை எடுத்து நமக்குக் கொஞ்சம் நட்டம்தான். ஈரம் இருந்தால் எடை ஏறும், பின்னால் பூசணம் பிடிக்கும். அடுத்த வருடம் கையில் குலுக்கிப் பார்த்து, நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடுத்தோம். இரண்டு பருவத்தில் அவருடைய பாக்கி தீர்ந்தது. இப்போது அன்னாசியும் வாழைக்குலையும்கூட வண்டியில் இறங்குகின்றன. அந்தக் கடை இன்றும் நடக்கிறது. கேரளத்துக்குப் போனவரின் வீட்டு முற்றத்திலும் அன்று மிளகு காய்ந்திருக்கும் அல்லவா? அதை நினைத்தால் இப்போதும் மனது சங்கடப்படுகிறது.

சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே சாமான் வருகிறது என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதற்கு முன் நம் கடையில் காலியாகத் திரும்பும் வண்டி எது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். அது மதியம் சும்மா இருக்கும் வேலையாளாக இருக்கலாம், பூட்டிக் கிடக்கும் பின்னறையாக இருக்கலாம், தெருவில் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் நம் பழக்கமாகவும் இருக்கலாம். நம் கண்ணுக்குப் படாவிட்டால் கடைப்பையனிடம் கேளுங்கள், வாடிக்கையாளரிடம் கேளுங்கள். நமக்குப் பாக்கி வைத்தவரிடமே கேட்டாலும் தவறில்லை.

லூச்சின்ஸ் தம் சோதனையில் சிலரைக் கணக்குத் தாளிலேயே 'குருடாக இராதே' என்று எழுதச் சொன்னாராம். அப்படி எழுதியவர்களில் குறுக்கு வழியைக் கண்டவர்கள் கூடினார்கள். நாம் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித்தானே தொடங்குகிறோம்? அதுபோல நம் புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, 'வேறு வழி உண்டா?' என்று எழுதி வைத்திருக்கிறோம். பாக்கிப் பட்டியலைப் புரட்டும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. நீங்களும் எழுதி வைத்துப் பாருங்கள். உங்கள் கடையில் கண்டுபிடித்ததை அடுத்த மாதக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அது உதவும்.