சாரல் காலமும் தவணைக் காலமும்

'கடன் மறுசீரமைப்பு' என்பதை வங்கிகள் வெறும் கணக்குச் சொல்லாகவே புழங்குகின்றன. வட்டி, தவணைத்தொகை, காலம் ஆகிய மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றி எழுதுவது என்பது அதன் அகராதிப் பொருள். கடனாளியின் பக்கம் நின்று வாசித்தால் வேறு கேள்விகள் எழுகின்றன. மாற்றி எழுதும் உரிமை யாருக்கு? எந்த நாட்காட்டியை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்? தென்காசி, மேலகரம், குற்றாலம் பகுதியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குச் சில ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த மனுக்களின் வழியாகவே இதை யோசிக்கிறேன்.

1

ஈஎம்ஐ என்றால் சமமாக்கப்பட்ட மாதத் தவணை. மாதந்தோறும் வரவு, அதுவும் சமமான வரவு என்ற இரண்டு அனுமானங்கள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. இது சம்பளக்காரரின் காலம். வேலையின் போக்கில் ஓடிய பொழுதைக் கடிகாரப் பொழுதாக ஆலை முதலாளியம் எப்படி மாற்றியது என்பதை இ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விவரித்தார். ஆலையே இல்லாத ஊரிலும் அந்தக் கடிகாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டிவிடுகிறது வீட்டுக்கடன்.

குற்றாலத்தின் காலம் வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். பிறகு வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். மாசி, பங்குனியில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். லாட்ஜ் வேலை, வேன், எண்ணெய்த் தேய்ப்பு, பழக்கடை, சிப்ஸ் கடை எல்லாம் இந்தத் தாளத்தில்தான் ஓடுகின்றன. "தண்ணி விழுந்தாத்தான் அண்ணாச்சி நமக்குத் துட்டு விழும்" என்றார் ஒரு வேன்காரர். அவர் வீட்டம்மா பீடி சுற்றுகிறார். அதன் கூலி வாரக்கணக்கு. ஆக, அந்த வீட்டில் ஒரு வரவு பருவத்துக்கு, இன்னொன்று வாரத்துக்கு. தவணை மட்டும் மாதத்துக்கு.

சட்டத்துக்குப் பருவம் என்ற ஒன்று தெரியாமலில்லை. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி விழுந்த பிறகே வாராக்கடன். வீட்டுக்கடனுக்கோ 90 நாள். வங்கிகள் தம் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வழிசெய்த 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டமும் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. நெல்லின் பருவம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அருவியின் பருவம் வரவில்லை.

2

2020, 2021 இரண்டு சாரல் காலத்திலும் அருவிகளில் குளிக்கத் தடை. அந்த நாட்களில் ரிசர்வ் வங்கி இரண்டு வாசல்களைத் திறந்தது.

முதலாவது, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு. இதைப் பலர் 'ஆறு மாசம் தள்ளுபடி' என்றே புரிந்துகொண்டார்கள். கணக்கைப் பாருங்கள். 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு 10 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,143 ரூபாய். ஐந்து வருடத்தில் 6 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார். அசலில் கழிந்தது 2 லட்சம்தான். அந்த இடத்தில் ஆறு மாதம் ஒத்திவைத்தால், நின்ற வட்டி சுமார் 36,700 அசலோடு சேரும். தவணைத்தொகையை மாற்றாவிட்டால் மிச்சமிருந்த 120 தவணை 129ஐத் தாண்டும். கூடுதலாகக் கட்டுவது 93,000 ரூபாய்க்குக் குறையாது. கடன் முடிவது பதினைந்து மாதம் தள்ளிப்போகும். வட்டிக்கு வட்டி கூடாது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த வித்தியாசத்தைத் தந்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பு எல்லாக் கடன்களுக்கும் அதை விரித்தது. நம் உதாரணக் கடனுக்கு அந்த நிவாரணம் எவ்வளவு தெரியுமா? சுமார் 700 ரூபாய். ஒத்திவைப்பு என்ற பெயரில் வங்கி காலத்தை விற்றது. 'சலுகை' என்ற சொல் அந்த விற்பனையை மறைத்தது.

இரண்டாவது, 2020 ஆகஸ்ட் 6இல் வந்த மறுசீரமைப்புத் திட்டம். கடன் காலத்தை இரண்டு வருடம் வரை நீட்டலாம் என்றது அது. ஆனால் 2020 மார்ச் 1 அன்று 30 நாளுக்கு மேல் பாக்கி இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. மார்ச் 1 என்பது குற்றாலத்தில் அருவி வற்றும் சமயம். வருடாவருடம் அந்த மாதங்களில் பிந்தி, சாரலில் சேர்த்துக் கட்டுகிறவர் அந்த ஒரு தேதியாலேயே தகுதி இழந்தார். 2021 மே 5இல் வந்த இரண்டாம் திட்டத்தின் அளவுகோல் தேதியும் மார்ச் 31தான். விண்ணப்பிக்கும் கெடு 2021 செப்டம்பரோடு முடிந்துபோனது.

3

தேதியைத் தாண்டியவருக்கு அடுத்த தடை நிரூபணம். வருமானம் குறைந்தது என்று காட்ட, முதலில் வருமானம் இருந்தது என்று காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு, வருமானவரிக் கணக்கு, வங்கி வரவு. "இல்லாத வருமானத்துக்கு எங்க போயி சர்ட்டிபிகேட் வாங்க?" என்று கேட்டார் ஒரு பழக்கடைக்காரர். கடன் கொடுக்கிற அன்று அதிகாரி கடையை நேரில் பார்த்து வருமானத்தை மதிப்பிட்டார். கடனை மாற்றி எழுதும் அன்று அதே கண்ணுக்கு அதே கடை தெரியவில்லை.

இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 2009இல் வீட்டுக்கடன் மாற்றத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தவணையை மாத வருமானத்தில் 31 சதவீதத்துக்குக் குறைப்பது அதன் இலக்கு. அங்கேயும் கொடுத்த காகிதத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு அலையவிட்டார்கள் என்பது பரவலான புகார்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் கவனிக்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. 7 சதவீதத்தில் 15 வருடத்துக்குப் புதிதாக வாங்கிய கடன் 9.5 ஆகும்போது, தவணையைத் தொடாமல் விட்டால் 180 மாதம் சுமார் 270 மாதமாகிவிடும். இப்படிக் காலத்தை நீட்டுவதற்கு வங்கி எவரிடமும் விண்ணப்பம் கேட்கவில்லை. 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடனாளியிடம் கேட்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. வங்கி நம் கடனைத் திருத்த ஒரு கணினிக் கட்டளை போதும். நாம் திருத்தக் கேட்டால் பத்துச் சான்றிதழ். அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த இடைவெளியே காட்டிக்கொடுக்கிறது.

இடைவெளியில் நுழைகிறவர் கந்துவட்டிக்காரர். 90 நாளைத் தொடாமலிருக்க அவரிடம் வாங்கி வங்கியில் கட்டுகிறார்கள். வங்கியின் ஏட்டில் கணக்கு 'ஒழுங்கானது' ஆகிவிடுகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது. ஒழுங்கான கணக்குகளுக்குப் பின்னால் எத்தனை கந்துவட்டிச் சீட்டுகள் இருக்கின்றன என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

4

சர்ஃபேசி நோட்டீஸ் வந்ததும் பலர் ஊரைவிட்டே போய்விடலாமா என்று நினைக்கிறார்கள். வேண்டாம். 13(2) நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நாம் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் எழுதியாக வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே பாக்கி நின்றால் இந்தச் சட்டத்தில் கைவைக்க முடியாது. வங்கி சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, வீட்டைக் கைப்பற்ற உதவி கேட்டு வங்கி போகிற ஆட்சியர் இங்கேயே இருக்கிறார். வீட்டுக்காரர் நியாயம் கேட்கப் போகவேண்டியதோ மதுரைக்கு.

மனுவில் என்ன எழுதுவது? 'கருணை கூர்ந்து' என்று தொடங்கும் மனுக்களை நான் எழுதுவதில்லை. கருணை கேட்டால் தவணையைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைப்பதன் விலையை மேலே பார்த்தோம். தவணையின் அட்டவணையையே மாற்றச் சொல்லி எழுதுகிறேன்: சாரல் மாதங்களிலும் ஐயப்ப சீசனிலும் கூடுதலாக, வறண்ட மாதங்களில் வட்டி மட்டும். பயிர்க்கடனுக்குச் செல்லுபடியாகிற தர்க்கம் இதற்கும் செல்லும் என்று அதிலேயே எழுதுகிறேன். பெரும்பாலும் 'சிஸ்டத்துல அப்படி ஆப்ஷன் இல்ல' என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அப்படி வாங்கிய பதில்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். தனித்தனியாக அவை கடனாளிகளின் அவமானமாக வீட்டுக்குள் கிடக்கின்றன. ஒன்றாகக் கட்டி ரிசர்வ் வங்கியின் முன்னால் வைக்கும்போது ஓர் ஊரின் பொருளாதாரம் பற்றிய ஆவணமாக அவற்றை வாசித்தே ஆகவேண்டிவரும்.