எரிமலை மேல் யார் விதைப்பது?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் எங்கள் மேட்டுப்பாளையத்தில் வேறொரு சத்தம் தொடங்கும். ஷீட் கூரை மேல் ‘டொக்’. சற்றுப் பொறுத்து மறுபடி ‘டொக்’. (ஊட்டிக்கு ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் என்று நினைத்துவிட வேண்டாம். இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே மலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. தொழிற்பேட்டையும் லாரி முனையமும்தான்.) காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் பாதாங்காய்கள் கிடக்கும். சதை சுரண்டப்பட்டு, நார் பிரிந்து, பல் பதிந்த தடத்தோடு. எங்கள் தெருவில் பாதாம் மரமே இல்லை. பழந்தின்னி வவ்வால் எங்கிருந்தோ கவ்வி வந்து, கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேப்பங்கிளையில் தொங்கியபடி தின்று முடித்துவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகிறது.

அது தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு தொல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுமார் 4,500 கி.மீ. தள்ளி, ஓர் எரிமலைக் குழம்பு ஆறிய கரும்பாறை மேல் நின்றபோதுதான் அந்த ‘டொக்’ சத்தத்துக்கு அர்த்தம் புரிந்தது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகன் அங்கே முப்பது வருடமாக இருக்கிறார். புதுச்சேரிக்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ‘அண்ணன் ரீயூனியன்ல’ என்று சொல்லக் கேட்கலாம். பிரெஞ்சு ஆட்சியில் 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்ததால், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய வாரிசுகளை இன்று ‘மலபார்’ என்கிறார்கள். தமிழ் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. கறிவேப்பிலை மட்டும் ‘கலுப்பிலே’ என்ற பெயரில் சமையலறையில் நிற்கிறது.

ஆனால் எங்கள் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் இருக்கும் உறவு கப்பலோடு தொடங்கியதல்ல. அது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழையது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியை எடுத்தால் சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் எல்லாம் பக்கம்தான். அந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் பழைய கடலின் அடித்தளம் இருக்கிறது. அங்கிருந்து சேகரித்து அனுப்பிய கடல் உயிரிகளின் புதைபடிவங்களை, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846-லேயே விவரித்து எழுதியிருக்கிறார். அவற்றில் முக்கியமானது அம்மோனைட்டு. பூஜை மாடத்தில் இருக்கும் சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு அம்மோனைட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாளக்கிராமத்துக்குள் சுருண்டு கிடப்பதும் அதே குடும்பம்தான். வழுதாவூர்ப் பாறை அடுக்கில் அம்மோனைட்டு கிடைக்கிறது. அதற்கு மேலே படிந்த, வயதில் இளைய கரசூர் அடுக்கில் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அம்மோனைட்டும் டைனோசர்களும் உலகத்தை விட்டே போய்விட்டன. மெக்சிகோவில் விழுந்த விண்கல்தான் பிரதானக் குற்றவாளி. அதே காலத்தில் மேற்கு இந்தியாவில் எரிமலைக் குழம்பு வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழம்பின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் குழம்பு ஆறி உருவானதுதான் தக்காணப் பாறை. மகாராஷ்டிரத்தில் இரண்டு கி.மீ.க்கும் மேல் கனமாக நிற்கிறது. அதன் கடைக்கோடிக் கிளை ராஜமுந்திரி வரை ஓடி வந்தது என்பது பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. நம் புதுச்சேரி மாநிலத்து ஏனாமுக்கு அது பக்கம்தான். பூமிக்கு அடியிலிருந்து இவ்வளவையும் கக்கிய வெப்பத்தூண் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, நாம்தான் நகர்ந்து வந்துவிட்டோம். தணலுக்கு மேலே அப்பளத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தணல் இருந்த இடத்திலேயே இருக்கும், அப்பளத்தில் கருகல் கோடு விழும். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர நகர அப்படி விழுந்த கோடுதான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ். நடுவில் தட்டே மாறிவிட்டாலும் கோடு தொடர்ந்து மொரீசியஸைத் தொட்டு ரீயூனியனில் முடிகிறது. தணல் இன்று அந்தத் தீவுக்கு அடியில் எரிகிறது.

அக்டோபர் முதல் வாரம். சென்னையிலிருந்து மொரீசியஸ் வழியாகப் போய் இறங்கி, கழுத்தில் தொலைநோக்கியோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். மொத்தமே 2,512 சதுர கி.மீ. பரப்புள்ள தீவு. அதற்குள் 3,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம், உயிரோடு இருக்கும் ஓர் எரிமலை, மழைக்காடு, பவளக்கரை. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இருக்கும் இடம். முதலில் கண்ணில் பட்டது எது தெரியுமா? மதில் மேல் உட்கார்ந்து தலையாட்டிய ஓணான்.

நம் ஓணானேதான். 19ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த கரும்புக் கட்டோடு வந்து இறங்கியதாம். அடுத்தது மைனா. வெட்டுக்கிளியைத் தின்னட்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வரவழைத்தது. மின்கம்பியில் செம்மீசைச் சின்னான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காலையில் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு பாடுமே, அதே பறவை. மொரீசியஸ் போய், அங்கிருந்து 1972 வாக்கில் இங்கே வந்தது. ‘இதுக்கா தம்பி டிக்கெட் போட்ட? இதெல்லாம் நம்ம ஊர் ஊசுட்டேரிப் பக்கமே பார்த்திருக்கலாமே’ என்று அண்ணன் சிரித்தார்.

தீவுக்கே சொந்தமானவற்றைப் பார்க்க மேலே ஏற வேண்டும். சமவெளியைக் கரும்பும் ஊரும் வந்தேறிகளும் பிடித்துக்கொண்டன. தலைநகர் சான் தெனிக்கு மேலே ரோஷ் எக்ரீத் மலைக்குப் போகும் காட்டுப் பாதை. பாசி போர்த்திய மரங்கள், நிற்காமல் சொட்டும் பனி. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு பனிக்குள்ளிருந்து ‘ட்யூயீ, ட்யூயீ, ட்யூயீ’. அந்தக் குரலையே பெயராக வைத்து ‘த்வித்-த்வித்’ என்கிறார்கள். ரீயூனியன் குயில்கீச்சான். உலகத்திலேயே இந்த ஒரு மலைச்சரிவில் மட்டும்தான் இருக்கிறது. சாம்பல் நிற ஆண் பறவை ஒன்று கிளையில் அமர்ந்து, அவசரமே இல்லாமல் ஒரு புழுவைக் கிளையில் அடித்து அடித்து மென்மையாக்கியது. புதுச்சேரிப் புதர்க்காட்டில் பார்க்கக் கிடைக்கும் கருந்தலைக் குயில்கீச்சானும் இதே பேரினம். அதுவும் புழுவை இப்படித்தான் அடிக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் த்வித்-த்வித்தின் பெண் பறவைகளை விரல்விட்டு எண்ணும் நிலை. கப்பலில் வந்த எலிகள் கூட்டில் ஏறி முட்டையைத் தின்றுவிடும். காட்டுக்குள் ஆண்டு தவறாமல் எலிகளை ஒழிக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது.

எரிமலையின் பெயர் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், ‘உலைச் சிகரம்’. உயரம் 2,632 மீட்டர். உலகில் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. பல ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூட வெடிக்கும். ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி ஊரைச் சாம்பலாக்கும் வெடிப்பு அல்ல. இதன் குழம்பு இளக்கமானது, பாகு மாதிரி வழியும். அதனால் வெடித்தால் மக்கள் ஓடுவது எரிமலையை விட்டு அல்ல, எரிமலையைப் பார்க்க! 1977-ல் குழம்பு வழிந்து சான்த் ரோஸ் அருகே ஒரு தேவாலயத்தின் வாசல் வரை வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் பிறகுதான், 1979-ல், கண்காணிப்பு நிலையம் வைத்தார்கள். நான் போன அன்று உலை தூங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் நின்று பார்த்தால் கீழே ஆறிய குழம்பு யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. ஒரு குட்டிப் பறவை காலருகே வந்து ‘டெக், டெக்’ என்றது. நம் புதர்ச்சிட்டின் தீவு உறவு, மனிதப் பயம் துளியும் இல்லை.

பார்க்க வேண்டியது உச்சி அல்ல, கீழே கிழக்குக் கடற்கரைச் சாலைதான் என்பேன். குழம்பு கடலுக்கு இறங்கும் சரிவு அது. சாலை ஒவ்வொரு குழம்பு ஓட்டத்தையும் வெட்டிக்கொண்டு போகும் இடத்தில், அது எந்த ஆண்டுக் குழம்பு என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். காலண்டரைப் பின்னோக்கிக் கிழித்துக்கொண்டே வண்டி ஓட்டுவது மாதிரி. 2007 ஏப்ரலில் வந்த குழம்பு மிகப் பெரியது. சாலையைப் புதைத்து, கடலுக்குள் புகுந்து, தீவுக்குப் புது நிலமே சேர்த்தது. உச்சியில் இருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது.

அந்தக் கரும்பாறை மேல் குனிந்து உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். கண் பழகியதும் பாறை முழுக்க வெள்ளி நிறத்தில் நுரை மாதிரி ஒன்று தெரிந்தது. கற்பாசி. அது பாறையை அரிக்கிறது. விரிசலில் கொஞ்சம் மண் சேர்ந்ததும் பெரணி வருகிறது. அவற்றின் வித்துத் தூளைக் காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். பிறகு சிறு விதைச் செடிகள். கடைசியில்தான் பெருமரங்கள். மழைக்கு இங்கே பஞ்சமில்லை. 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மி.மீ. கொட்டிய இடம் இந்தத் தீவில்தான் இருக்கிறது, அது இன்றும் உலக சாதனை. பக்கத்து மார் லோங் காட்டுக்குள் போனால் இந்தக் கதையின் முடிவு நிற்கிறது. அதுவும் சில நூற்றாண்டுகளுக்கு முன் வழிந்த குழம்புதான். இன்று அதன் மேல் அடர்ந்த மழைக்காடு. நம் மகிழமரத்தின் இனத்தைச் சேர்ந்த பெருமரங்கள், வேர்கள் பாறையைக் கட்டிப் பிடித்திருக்க, தழைத்து நிற்கின்றன.

இங்கேதான் சிக்கல். கடந்த முந்நூறு ஆண்டுகளில் வழிந்த குழம்புகளின் மேல் அந்தக் காடு திரும்பவில்லை. காற்று கொண்டுவரும் பெரணி வந்தது, சிறு விதைச் செடிகள் வந்தன. பெரிய சதைக்கனி மரங்கள் மட்டும் வரவில்லை. தாய்மரங்கள் ஓரத்துக் காட்டிலேயே நிற்க, பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகுகின்றன. எரிமலையோ மழையோ மண்ணோ மாறவில்லை. விதையைச் சுமந்தவர்கள்தான் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் குடியேறும்போது இங்கே ராட்சத ஆமைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன, கிளிகள் இருந்தன, பழந்தின்னி வவ்வால்கள் இருந்தன. நம் ஊசுட்டேரியில் சேறு கிளறும் வெள்ளை அரிவாள் மூக்கனின் பங்காளியான ஓர் அரிவாள் மூக்கனும் இருந்தது. ஆமையைக் கப்பலுக்கு உணவாக ஏற்றினார்கள். மற்றவற்றைச் சுட்டார்கள், வலை போட்டார்கள். எல்லாம் தீர்ந்துபோயின. இன்று அந்த வேலையில் மிச்சம் இருப்பது சின்னப் பறவைகள். செம்மீசைச் சின்னானும் வேலை செய்கிறது, ஆனால் அதன் வாய்க்குள் அடங்குவது சிறிய கனிதான். அதனால் அது பரப்புவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த முட்புதர்களை.

ஒரே ஒரு நல்ல செய்தி. 2000களில் கறுப்புப் பழந்தின்னி வவ்வால் மொரீசியஸிலிருந்து கடலைத் தாண்டித் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. சின்னக் கூட்டம்தான். அது எந்தப் பக்கம் பறந்தாலும் காட்டியலாளர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

எனக்கு மேட்டுப்பாளையத்துக் கூரை நினைவுக்கு வந்தது. அங்கே கேட்ட ‘டொக்’ விதைப்பின் சத்தம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இத்தனை காலம் தன்னைத் தானே நட்டுக்கொண்டு நிற்பதற்கும் பழந்தின்னி வவ்வால்கள் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே மரத்தை வெட்டினால் சாமி குத்தம். வவ்வாலுக்கு அப்படி யாரும் காவல் இல்லை.

விதை எவ்வளவு தூரம் போகும்? ரீயூனியனின் பெலூவ் காட்டில் ‘தமரேன் தெ ஓ’ என்ற மரம் நிற்கிறது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் நட்ட சீகை மரத்தின் சாதி. இதன் மரபணுவை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அது ஹவாய்த் தீவின் கோவா மரத்திலிருந்து, சுமார் 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்தது! இரண்டு பெருங்கடல்களுக்கு அப்பால் ஒரு சிறு தீவை எப்படிக் கண்டுபிடித்தது? கடற்பறவை எதுவோ சுமந்து வந்திருக்கலாம் என்பது ஊகம்.

கடைசி மாலை தென்மேற்குக் கரைக்கு, கோல் ஏரிப் பக்கம், அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் ஒரு கூனல் திமிங்கிலம் பீச்சி அடித்த நீர் மட்டும் தெரிந்தது. அதன் பருவம் முடிகிற நேரம். சூரியன் இறங்கியதும் கடலிலிருந்து அவை வரத் தொடங்கின. ஒன்று, மூன்று, பத்து. நீண்ட சிறகை அசைக்காமல் மலையை நோக்கி ஏறும் பாரோ பெட்ரல் என்ற கடற்பறவைகள். ரீயூனியனின் உயர்ந்த பாறைச் சரிவுகளில், 2,000 மீட்டருக்கும் மேலே, மண்ணைக் குடைந்து கூடு வைக்கும். அறிவியல் உலகுக்கு இப்பறவை தெரியவந்ததே 1960களில்தான், கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க 1995 வரை ஆயிற்று. குஞ்சுகள் ஏப்ரலில் முதல்முறை கடலுக்குப் பறக்கும்போது தெருவிளக்கையும் மைதான விளக்கையும் பார்த்துக் குழம்பி ஊருக்குள் விழுந்துவிடும். தரையிலிருந்து எழும்பத் தெரியாது. அதற்காகவே அந்தப் பருவத்தில் விளக்கணைக்கும் இரவுகள் என்று ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். புதுச்சேரிக் கரையில் பொரியும் ஆமைக் குஞ்சுகளுக்கும் இதே விளக்குதான் வினை.

அண்ணன் அண்ணாந்தபடியே நின்றார். ‘முப்பது வருஷம் தம்பி. தினம் இது என் தலைக்கு மேலதான் போயிருக்கு.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘ஒரு தடவை வாசல்ல ஒண்ணு விழுந்து கெடந்துது. வாத்துக்குஞ்சுன்னு நெனச்சு அட்டைப் பெட்டியில போட்டு மூடி வெச்சேன். காலையில பறவைகளை மீட்கறவங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க. அது இதுதானா?’ என்றார்.