கள்ளியைத் தின்ற பூச்சி: அன்றும் இன்றும்

நூறாண்டுக்கு முன் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலம் சப்பாத்திக்கள்ளிக்குள் புதைந்து கிடந்தது. தமிழ்நாட்டின் பரப்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெட்டினார்கள், எரித்தார்கள், ஆர்சனிக் நஞ்சைத் தெளித்தார்கள். வெட்டிய மடல் விழுந்த இடத்திலேயே வேர்விட்டது. வீட்டையும் நிலத்தையும் கள்ளிக்கே விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் பல.

1925-இல் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் ஆலன் டாட் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியின் முட்டைகளை அனுப்பினார், ஏறத்தாழ 3,000. கேக்டோபிளாஸ்டிஸ் என்பது அதன் பெயர். முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கள்ளியின் முள்ளைப் போலவே ஒரு குச்சியாக நீட்டிவிடும். பொரிந்த புழுக்கள் கூட்டமாக மடலைத் துளைத்து, உள்ளிருக்கும் சதையைத் தின்று தோலை மிச்சம் வைக்கும். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்த பிறகே அதை வெளியே விட்டார்கள். பிறகு கோடிக்கணக்கில் முட்டைகளை வளர்த்து, தாளில் ஒட்டி, கள்ளிதோறும் குத்திவைத்தார்கள். 1933-க்குள் கள்ளிக்காட்டின் பெரும்பகுதி அழுகிச் சரிந்தது. முள் மண்டிய இடத்தில் மாடுகள் மேய்ந்தன. குயின்ஸ்லாந்தின் பூனார்கா ஊரார் 1936-இல் கட்டிய பொதுமண்டபத்துக்கு அந்தப் பூச்சியின் பெயரையே சூட்டினார்கள். பூச்சி ஒன்றுக்கு மனிதர் செலுத்திய இத்தகைய நன்றியை நான் வேறெங்கும் அறிந்ததில்லை. (நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது வேறு பூச்சி, 1926-இல் இலங்கையிலிருந்து வந்த கொச்சினீல்.)

அந்த வெற்றியை நம்பி 1957-இல் கரீபியத் தீவான நெவிஸுக்கு இதே பூச்சியைக் கொண்டுபோனார்கள். அங்கும் கள்ளி குறைந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் கள்ளி வந்தேறி. நெவிஸிலோ அது மண்ணுக்குரிய செடி. பூச்சி தீவுக்குத் தீவு பரவி, 1989-இல் புளோரிடாவை எட்டியது. அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் மட்டும் மிஞ்சியிருந்த அரிய கள்ளி இனமொன்றையும் அது தின்றது. 2006-இல் மெக்சிகோவின் இஸ்லா முஹேரெஸ் தீவில் தென்பட்டது. முள் சீவிய மடலைக் கறியாகச் சமைக்கும் நாடு அது. கொடியிலேயே கள்ளியைப் பொறித்திருக்கும் நாடு. பூச்சி தொற்றிய செடிகளைப் பிடுங்கி, பொறி வைத்து, மலட்டுப் பூச்சிகளைப் பறக்கவிட்டு, 2009-இல் அதை ஒழித்துவிட்டதாக மெக்சிகோ அறிவித்தது.

ஆனால் வடக்கே, வளைகுடாக் கரையோரமாக, அது டெக்சாஸ் வரை வந்துவிட்டது. அன்று குயின்ஸ்லாந்தில் ஒவ்வொரு கள்ளியாகத் தேடிப்போய்க் குத்திய முட்டைக் குச்சியை, இன்று முள்ளோடு முள்ளாக, மடல் மடலாகத் தேடிப் பிடுங்குகிறார்கள்.