வந்த ஆக்கள் எல்லாரும் ஒன்றா?

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கச் செயலாளர் அக்கா, போன மாதம் கையில் ஒரு கூட்டறிக்கையோடு வந்தார். உதவி வழங்கும் அலுவலகம் ஒன்று அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. கூட்ட நடப்பெண் போதாதாம்.

"முப்பது பேர் வந்திருந்தம் தம்பி. பாய் காணாம மண்ணிலயும் இருந்தம். எப்படி ஆள் காணாதெண்டு சொல்லுவாங்க?"

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. 'பிரசென்ட்' என்ற தலைப்பின் கீழ் மூன்றே பெயர்கள்: கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், பாடசாலை அதிபர். அங்கத்தவர் முப்பது பேரும் அதற்குக் கீழே, 'இன் அட்டெண்டன்ஸ்' என்ற தலைப்பில். மரியாதைக்காக விருந்தினரை மேலே ஏற்றியிருந்தார் அக்கா. அந்த மரியாதைதான் கணக்கைக் கவிழ்த்துவிட்டது.

கூட்டறிக்கை ஆங்கிலத்தில் 'பிரசென்ட்' என்பது அந்தச் சபையின் அங்கத்தவருக்கு உரிய இடம். தீர்மானத்துக்குக் கை உயர்த்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. நடப்பெண்ணும் அவர்களை வைத்தே எண்ணப்படும். அழைப்பின் பேரில் வந்த அதிகாரி, கணக்காய்வாளர், குறிப்பெடுக்க வந்த ஊழியர் ஆகியோர் 'இன் அட்டெண்டன்ஸ்'. அவர்கள் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் இடம் அதுதான்.

கூட்டறிக்கைக்கு வெளியே இதே தொடரின் போக்கு வேறு. விழாவுக்கு வந்தவர் யாராயினும் 'இன் அட்டெண்டன்ஸ் அட்' என்று எழுதலாம். வருகை தந்தார் என்பதே பொருள். 'அட்' இருந்த இடத்தில் 'ஆன்' வந்தால் பொருள் மாறிவிடும். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வைத்தியர், அரசரின் பின்னால் நிற்கும் பணியாளர் ஆகியோருக்கு உரியது அது. அமைச்சர் விழாவுக்கு வந்ததை 'ஆன்' போட்டு எழுதினால், அவர் யாருக்கோ பணிவிடை செய்ய வந்தார் என்றாகிவிடும். இந்தப் பணிவிடைப் பொருளுக்குச் சொல்லின் வேர் காரணம். 'அட்டெண்ட்' என்பது ஒன்றை நோக்கி நீளுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சில் அதன் உறவுச் சொல்லுக்குக் காத்திருத்தல் என்று பொருள்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆனால் வரவு இடாப்பு கூப்பிடும்போது 'பிரசென்ட் சேர்' என்று சொல்லத்தான் வகுப்பறையில் பழகினோம். 2004 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வந்தபோது, கூட்டறிக்கை ஆங்கிலம் நேரே மாதர் சங்கப் பாய்க்கு வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை.

தமிழில் நமக்கு நல்ல சொல் இருக்கிறது: சமுகமளித்தோர். அவசரத்தில் பலர் 'சமூகமளித்தோர்' என்று நெடிலாக்கிவிடுகிறார்கள். சமூகம் என்றால் கூட்டம். சமுகமோ முகத்துக்கு முகம் நேராக இருத்தல். முன்னே இருத்தல் என்பதுதான் 'பிரசென்ட்' என்ற சொல்லின் வேரும்.

"வந்த ஆக்கள் எல்லாரும் வந்த ஆக்கள்தானே தம்பி?" என்று கேட்டார் அக்கா.

கோயிற் சடங்கை நினைத்துப் பாருங்கள் என்றேன். ஊரே திரண்டு நிற்கும். குடியின், அதாவது தாய்வழிக் குலத்தின், பெயரைச் சொல்லி அழைக்கும்போது அந்தக் குடிக்காரர்தான் முன்னே போய் மரியாதை வாங்குவார். மற்றவர்கள் வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வந்திருப்பது வேறு, உரிமையோடு வந்திருப்பது வேறு. அக்காவுக்கு உடனே பிடிபட்டது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரின் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

அங்கேயே இருந்து அறிக்கையைத் திருத்தினார். விருந்தினர் மூவரும் கீழே போனார்கள். அங்கத்தவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி மேலே எழுதினார். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது.

"ஒண்டு குறையுதே அக்கா?"

"அது நான். குறிப்பெழுதின ஆள்தானே, கீழ இருக்கட்டும்."

குறிப்பெழுதினாலும் நீங்கள் அங்கத்தவர், உங்கள் கையும் தீர்மானத்துக்கு உயர்ந்த கை என்றேன். பேனையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு முப்பதாவது பெயரை எழுதினார்.