மறைகுறியும் வாய்பாடும்: எனிக்மாப் பாவனைப்பொறிகள் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படையினர் கையாண்ட எனிக்மா என்னும் மறைகுறிப் பொறியைக் கணினித் திரையிலே போலச்செய்து காட்டும் பாவனைப்பொறிகள் பல இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இயக்கிப் பார்ப்பதும் தாமே ஆக்கிப் பார்ப்பதும் பல நாடுகளிற் பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளன. இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். இப்பொறியின் கதை மொழியின் கதையாகவும் உழைப்பின் கதையாகவும் இருப்பதனாலேயே நாம் இதனை எடுத்துக்கொண்டோம்.

எனிக்மா போருக்கென்று பிறந்ததன்று. ஆதர் ஷேர்பியஸ் என்னும் ஜேர்மன் பொறியியலாளர் 1918 இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1923 அளவில் அது வணிக நிறுவனங்களுக்கான சரக்காகச் சந்தைக்கு வந்தது. வணிக இரகசியத்தைக் காக்க எழுந்த கருவியைப் படைகள் பின்னரே தமதாக்கிக்கொண்டன.

அதன் இயக்கம் எளிது. ஒரு விசையை அழுத்தினால் மின்னோட்டம் செருகு பலகையைக் கடந்து, மூன்று சுழல் உருளைகளினூடாகச் சென்று, தெறிப்பியிலே திரும்பி, மீண்டும் அவ்வழியே வேறொரு பாதையில் வந்து ஒரு விளக்கை ஏற்றும். ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் வலப்புற உருளை ஒரு படி நகர்வதால் அதே எழுத்தை மீண்டும் அழுத்தினாலும் முன்னைய பாதை கிட்டாது. பாவனைப்பொறி ஆக்குவோர் இடறும் இடம் நடு உருளையாகும். குறித்த நிலையொன்றில் அது அடுத்தடுத்த இரு அழுத்தங்களில் நகரும். இதனை விட்டுவிட்டால் நீண்ட செய்தி இடைநடுவிற் குழம்பிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என உருளைகளை இடமிருந்து வலமாக நிறுத்தி, ‘பி’ தெறிப்பியைப் பொருத்தி, செருகுகளின்றி, வளையங்களையும் தொடக்க நிலைகளையும் ‘ஏ’யில் வைத்து, ‘ஏ’ என்னும் விசையை ஐந்து முறை அழுத்துக. பி, டி, இசெட், ஜி, ஓ என வருமாயின் பொறி செவ்வனே அமைந்ததென்று கொள்ளலாம்.

ஐந்து உருளைகளுள் மூன்றைத் தெரிந்து, பத்துச் சோடிச் செருகுகளையும் பொருத்தினால் வரும் அமைப்புகளின் தொகை 158,962,555,217,826,360,000 ஆகும். எனிக்மா பற்றிய நூல்கள் இவ்வெண்ணை வியந்துரைக்கத் தவறுவதில்லை. அவ்வியப்பு எமக்கு உடன்பாடானதன்று. எண் பொறியை மட்டுமே அளக்கிறது. பொறியில் எழுதியவர்களை அது அளப்பதில்லை.

தெறிப்பியின் காரணமாக எந்த எழுத்தும் தன்னையே மறைகுறியாகப் பெறாது. ஜேர்மன் மொழியில் வானிலை முன்னறிவிப்பைக் குறிக்கும் சொல் பதினாறு எழுத்துகளைக் கொண்டது. அதனை மறைசெய்தியின் கீழே வைத்து நகர்த்தி, ஓரிடத்திலேனும் ஒரே எழுத்து நேர்ப்படும் நிலைகளைக் கழித்தால், ஏறத்தாழப் பாதி நிலைகள் உடனே அகன்றுவிடும். பாவனைப்பொறியும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

அச்சொல் செய்தியில் இருக்குமென்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது எவ்வாறு? படையின் மொழி வாய்பாட்டு மொழியாக இருந்தமையே காரணம். வானிலை அறிக்கை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே தொடக்கத்தோடு வந்தது. கீழ்நிலை அலுவலர் மேலதிகாரியின் பதவிப்பெயரை முழுமையாக எழுதினார். சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாளில் ‘சிறப்பான நிகழ்வு எதுவுமில்லை’ என்பதும் ஒரு மாறாத தொடராயிற்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சான்றோர் செய்யுளின் வாய்பாட்டுத் தொடர்களை விரிவாக ஆராய்ந்தமை வாசகர் அறிந்ததே. பாணனது வாய்பாடு அவையின் முன்னே பாடும் தேவையிலிருந்து பிறந்தது; இராணுவ எழுத்தரின் வாய்பாடோ அதிகாரப் படிநிலைக்கு அஞ்சிய பணிவிலிருந்து பிறந்தது. தோற்றம் ஒத்திருப்பினும் அவற்றின் சமூக அடித்தளம் வேறு.

உடைத்தவர்களின் வரலாறும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அலன் டியூரிங்கின் பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும் 1932 இலேயே பொறியின் உள்ளமைப்பைக் கணித மூலம் கண்டறிந்தவர் போலந்தின் மரியன் றெயெவ்ஸ்கி என்பதும், 1939 யூலையில் போலந்தினர் தம் அறிவு முழுவதையும் பிரித்தானியருக்கும் பிரெஞ்சினருக்கும் கையளித்தனர் என்பதும் பலகாலம் மறைந்தே கிடந்தன. போர் உச்சத்திலிருந்த காலத்தில் பிளெச்லி பார்க்கிலும் அதன் கிளைகளிலும் பணியாற்றியோருள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் பெண்கள். ‘பொம்’ எனப்பட்ட தேடற்பொறிகளுக்கு முன்னே முறைமாற்றுப் பணியில் இரவு பகலாக நின்றவர்களும் பெண்களே. 1974 இல் இவ்விரகசியம் பரவலாக வெளிப்படும் வரை அவர்கள் தம் குடும்பத்தாரிடமும் வாய்திறக்கவில்லை. திரையிலே உருளையைச் சுழற்றுபவருக்கு இவ்வுழைப்பு தென்படுவதேயில்லை. இதைப் பொழுதுபோக்கின் குற்றமாகக் கூறுவதற்கில்லை. பாவனைப்பொறி பொறியை மட்டுமே பாவனை செய்கிறது.

ஆயினும் அப்பொழுதுபோக்கே கூட்டுழைப்பாக மாறியதும் உண்டு. 1942 இல் இடைமறிக்கப்பட்டு உடைபடாதிருந்த மூன்று நீர்மூழ்கிக் கப்பற் செய்திகள் 1995 இல் ஓர் ஆய்விதழில் வெளியாயின. அவை நான்கு உருளைப் பொறியிலே மறைக்கப்பட்டவை. 2006 இல் ஆர்வலர் பலர் தத்தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை ஒன்றுசேர்த்து அவற்றுள் இரண்டை உடைத்தனர். எஞ்சிய ஒன்று 2013 இல் உடைந்தது. முதலில் திறந்த செய்தி, தாக்குதலுக்குள்ளாகி நீருள் அமிழ்ந்த ஒரு கப்பலின் தளபதி தன் பகைவரின் நிலையை அறிவித்த செய்தியாகும்.