பெங்களூரின் உயரமும் நம் வீட்டுக் கேக்கும்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாற்றலாகி இந்நகரில் குடியேறும் இல்லத்தரசிகள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்கள். இங்கே துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் எளிதில் குழைவதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர், அதாவது 3,000 அடி உயரத்தில் அமைந்தது. காற்றின் அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்புக்குப் பிரஷர் குக்கர் கைகொடுக்கிறது. கேக்குக்கு அத்தகைய துணை ஏதுமில்லை.

ஊரில் பூப்போல வந்த அதே கேக், இங்கே ஓவனில் ஓங்கி எழுந்து, வெளியே எடுப்பதற்குள் நடுவில் குழி விழுந்து அமர்ந்துவிடுகிறது. குழந்தையின் பிறந்தநாளுக்கென்று வெண்ணெயும் முட்டையும் வாங்கிச் செலவழித்த பின் இப்படி நேர்ந்தால் வருத்தம் இராதா? போதாக்குறைக்கு, "கைராசி போய்விட்டது" என்று வீட்டாரும் சொல்லிவிடுகிறார்கள். பாவம், கை என்ன செய்யும்?

ஈரமும் சூடும் பட்டதும் பேக்கிங் பவுடர் கரியமில வாயுவை வெளியிடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால் இங்கே அவ்வாயு மிகுதியாக விரிகிறது. மாவும் முட்டையும் வெந்து கெட்டிப்படுமுன்பே குமிழிகள் பெருத்து உடைகின்றன. சுவர் காய்வதற்குள் கூரை ஏற்றிய வீட்டின் கதைதான். ஈரமும் விரைந்து ஆவியாகிறது. எஞ்சிய நீரில் சர்க்கரை செறிந்து, கேக் கெட்டிப்படுவதை மேலும் தாமதப்படுத்துகிறது.

அமெரிக்காவில் மலைப்பாங்கான கொலராடோ மாநிலத்துப் பல்கலைக்கழகத்தினர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அந்நாட்டுக் குறிப்புகளில் 3,000 அடியிலிருந்து மாற்றம் சொல்லப்படுகிறது. நாம் அந்த வாசற்படியில் நிற்கிறோம். ஆகவே மாற்றமும் சிறிதே.

ஊர்க் குறிப்பில் 2 கப் மைதா, ஒன்றரைக் கப் சர்க்கரை, 1 கப் பால், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றிருப்பதாகக் கொள்வோம். மைதாவைத் தொட வேண்டாம். பேக்கிங் பவுடரை ஒன்றே முக்கால் தேக்கரண்டியாக்குங்கள். முதல் முறை இது ஒன்றே போதும். அப்போதும் குழி விழுந்தால் சர்க்கரையில் ஒன்றரை மேசைக்கரண்டி வரை எடுத்துவிடலாம். கேக் வறண்டு உதிர்ந்தால் பாலில் 2 மேசைக்கரண்டி கூட்டலாம். 180 டிகிரி என்றிருந்தால் ஓவனை 190-இல் வைத்து, 5 நிமிடம் முன்னதாகவே குச்சியால் குத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி நோட்டில் குறித்து வைப்பது நலம். உதகையில் உறவினர் இருப்பின் அவர்களுக்கு இவ்வளவு போதாது. அங்கே உயரம் 2,240 மீட்டர். பேக்கிங் பவுடரில் நாலில் ஒரு பங்கையே குறைக்க வேண்டியிருக்கும்.

உயரத்தின்மேல் பழி போடுமுன் கப்பையும் சற்றுப் பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டியோ 20 மில்லி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. மெல்போர்னிலிருந்து மகள் அனுப்பும் குறிப்பை நம் காப்பி டம்ளரால் அளந்தால் என்ன ஆகும்? சிறு தராசு ஒன்று வாங்கிவிட்டால் இத்தொல்லை தீரும். 1 கப் மைதா சுமார் 120 கிராம், சர்க்கரை 200 கிராம்.

முட்டை சேர்க்காத வீடுகள் நம்மிடையே பல. இந்நகரத்து ஐயங்கார் பேக்கரிகள் முட்டையின்றிக் கேக் செய்து பேர் வாங்கியவை, சிக்கப்பேட்டையின் பி.பி. பேக்கரி 1898-இல் தொடங்கப்பெற்றது. வீட்டில் ஒரு முட்டைக்குக் கால் கப் கட்டித் தயிர் சேர்க்கலாம். தயிரின் புளிப்புக்கு ஈடாகச் சோடா உப்பு வேண்டும். அரைக் கப் தயிருக்குக் கால் தேக்கரண்டி. அதற்கு மேற்பட்டால் சோப்பு வாடை அடிக்கும். சோடா உப்பும் வாயு தருவதாகையால், அதைச் சேர்க்கும்போது பேக்கிங் பவுடரை மேலும் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவு உயரத்தினால் விரைந்து எழும். மார்கழிக் குளிரினால் மந்தமாகவும் எழும். அதற்குக் கடிகாரம் பயன்படாது. மாவு இரு மடங்காயிற்றா என்று கண்ணால் பார்த்து ஓவனில் வைக்க வேண்டியதுதான். பிஸ்கட்டுக்கு இந்தக் கவலைகள் பெரும்பாலும் இல்லை. ஊர்க் குறிப்பே இங்கும் செல்லும்.